துணிக்கடைக்காரர் பல்லிடுக்கில் கண்டது

மெஸ்ஸில் மட்டன் போடுகிற நாளில் சாப்பிட்டு முடித்ததும் என்ன செய்வீங்க? கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல ஒரு நார் மாட்டியிருக்கும். முதல்ல நாக்கால தள்ளிப் பாப்பீங்க. வராது. அப்புறம் ஊக்கு, ஐடி கார்டு முனை, பேனா மூடியோட கிளிப், எது கையில கிடைக்குதோ அதை விட்டு நோண்டுவீங்க. (ஊக்கு வேணாம் மக்களே, ஈறு கிழியும்.) ஒருவழியா வெளிய வந்ததும் அதைச் சுண்டி எறிஞ்சிட்டுப் போயிடுவீங்க. அதானே?

1683-ல் ஹாலந்து தேசத்துல ஒருத்தர் அப்படி எறியல. பல்லிடுக்கில் இருந்து எடுத்ததைச் சுத்தமான மழைத்தண்ணியில் கலந்து, கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சுப் பாத்தாரு. ஆண்டனி வான் லீவன்ஹூக். பேரை நீங்க ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. மைக்ரோஸ்கோப், பாக்டீரியா, ரெண்டு மார்க். நம்ம புத்தகத்துல அவருக்குக் கொடுத்த இடம் அவ்வளவுதான். அவர் சயின்டிஸ்ட்டா வேலை பாக்கல, டாக்டரும் இல்ல, காலேஜ் பக்கமே போகலங்கிறதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனாலதான் இந்தக் கட்டுரை.

அவர் பிறந்தது 1632 அக்டோபர் 24, டெல்ஃப்ட் என்ற ஊரில். அப்பா கூடை முடைகிறவர். ஓவியர் வெர்மீருக்கும் அதே ஊர். இரண்டு குழந்தைகளுக்கும் சில நாள் இடைவெளியில் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. பின்னாளில் வெர்மீர் கடனோடு இறந்தபோது, அவருடைய சொத்துக் கணக்கை முடித்துவைக்க நகராட்சி நியமித்த ஆள் நம்ம லீவன்ஹூக்தான். சின்ன ஊர்!

சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். பதினாறு வயதில் அம்மா ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பி ஒரு துணி வியாபாரியிடம் தொழில் பழகவிட்டார். 1654-ல் ஊர் திரும்பி, கல்யாணம் பண்ணி, டெல்ஃப்ட்டிலேயே சொந்தமாகத் துணிக்கடை போட்டார். ஐந்து குழந்தைகள் பிறந்து நான்கு கைக்குழந்தையாகவே போய்விட்டன. மரியா என்ற ஒரு பெண் மட்டும் தங்கினாள். 1666-ல் மனைவியும் இறந்தார். குழந்தைகள் ஏன் சாகிறார்கள் என்பதற்கு அந்தக் காலத்தில் எந்த டாக்டரிடமும் சரியான பதில் கிடையாது. கெட்ட காற்று, கடவுள் சித்தம், அவ்வளவுதான். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

1660-லேயே நகராட்சியில் ஒரு வேலை கிடைத்தது. அதிகாரிகளின் அறையைப் பார்த்துக்கொள்வது, திறந்து மூடுவது, சுத்தமாக வைப்பது. பிறகு நில அளவையாளர் சான்றிதழும் வாங்கினார். ஊருக்கு வரும் ஒயின் பீப்பாய்களை அளக்கும் வேலையும் பின்னால் சேர்ந்தது. நம்ம பாஷையில சொன்னா கவர்ன்மென்ட் ஜாப், சைடுல கடை. சோத்துக்குக் கவலை இல்லாத அந்த நிலைமைதான் ராத்திரி உட்கார்ந்து லென்ஸ் தேய்க்க அவருக்கு நேரம் கொடுத்தது.

துணிக்காரர்கள் நெசவின் தரம் பார்க்க, நூலை எண்ண, பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். லென்ஸ் பைத்தியம் அவருக்கு அங்கிருந்துதான் தொற்றியிருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் 1665-ல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா புத்தகத்திலும் துணியைப் பெரிதாக்கி வரைந்த படங்கள் உண்டு. (ஆமா, நம்ம ஸ்ப்ரிங் ஃபார்முலா ஹூக்தான்.)

இப்ப கொஞ்சம் நம்ம ஏரியா. அன்றைக்கு இரண்டு மூன்று லென்ஸ் வைத்த கூட்டு மைக்ரோஸ்கோப் இருந்தது. ஆனால் கண்ணாடியின் தரம் மோசம். ஒரு லென்ஸின் பிழை அடுத்த லென்ஸில் பெருகும். ஓரத்தில் வானவில் கலர் அடிக்கும். உருவத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் கலங்கலாகிவிடும். லீவன்ஹூக் எதிர்ப்பக்கமாகப் போனார். ஒரே ஒரு லென்ஸ், ஆனால் ரொம்பச் சின்னது. தனி லென்ஸின் உருப்பெருக்கம் சுமாராக 250 மில்லிமீட்டரைக் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. குவியத்தூரம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே இறங்கினால் 260, 270 மடங்கு வந்துவிடும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட்டில் இன்றும் இருக்கும் அவருடைய ஒரு கருவி ஏறக்குறைய 270 மடங்கு காட்டுகிறது. அதன் லென்ஸ் கடுகு சைஸ்கூட இல்லாத ஒரு கண்ணாடி மணி. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அதைச் செருகி, பின்பக்கம் ஒரு ஊசி, ஊசியை நகர்த்த இரண்டு மூன்று திருகு. மொத்தக் கருவியும் உள்ளங்கைக்குள் அடங்கும். குழாயும் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. கண்ணோடு ஒட்டவைத்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். பத்து நிமிஷம் பிடிச்சுப் பாருங்க, கழுத்து போயிடும்.

1673-ல் டெல்ஃப்ட்டைச் சேர்ந்த ரெய்னியர் டி கிராஃப் என்ற இளம் டாக்டர், லண்டன் ராயல் சொசைட்டிக்கு இவரை அறிமுகப்படுத்திக் கடிதம் போட்டார். அந்த நேரத்தில் இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. இருந்தும் கடிதம் போய்ச் சேர்ந்தது, வாசிக்கப்பட்டது. முதல் கடிதத்தில் பூஞ்சை, தேனீயின் கொடுக்கு, பேன் இவற்றைப் பற்றி எழுதியிருந்தார். அதிலிருந்து ஐம்பது வருஷம் எழுதிக்கொண்டே இருந்தார். லத்தீன் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எழுதினதெல்லாம் பேச்சுவழக்கு டச்சு. லண்டனில் யாராவது மொழிபெயர்த்துப் போடுவார்கள். இங்கிலீஷ் மீடியத்துல படிச்சிட்டும் பிரசென்டேஷன்னா உதறுற நமக்கு இதுல ஒரு ஆறுதல் இருக்கு, இல்லையா?

1676-ல் மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். மிளகுத்தூளுக்குள் கண்ணுக்குத் தெரியாத முள் ஏதாவது இருந்து நாக்கில் குத்துகிறதோ என்று யோசித்தார். மிளகு அந்த ஊருக்குப் புதுசு இல்லை. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டெல்ஃப்ட்டிலேயே ஒரு கிளை இருந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அப்போது கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான். மிளகைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து எடுத்துப் பார்த்தால் முள் ஒன்றும் இல்லை. பதிலுக்கு எண்ணவே முடியாத சின்னஞ்சிறு உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அதில் சில நாம் இன்று பாக்டீரியா என்று சொல்கிறவை. அந்த வருஷம் அக்டோபரில் நீளமான ஒரு கடிதம் எழுதி லண்டனுக்கு அனுப்பினார்.

யார் நம்புவாங்க? டிகிரி இல்லாத ஒரு துணிக்கடைக்காரர் ஒரு சொட்டுத் தண்ணியில ஆயிரக்கணக்கில் மிருகம் இருக்குன்னு எழுதியிருக்கார், கருவியையும் யாருக்கும் தரமாட்டேங்கிறார். லீவன்ஹூக் ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, பாதிரியார்கள் உட்பட, தன் கருவி வழியாகப் பார்க்கவைத்துச் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். லண்டனில் ஹூக்கே செய்து பார்த்தார். முதல் முயற்சிகளில் ஒன்றும் தெரியவில்லை. 1677 நவம்பரில் ஒருவழியாகத் தெரிந்தது. சொசைட்டி ஆட்களும் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள். 1680-ல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கடைசிவரை ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை.

சரி, பல்லுக்கு வருவோம்.

1683 செப்டம்பர் 17 தேதியிட்ட கடிதத்தில் இந்த மனிதர் தன் வாயைப் பற்றி வெட்கமே இல்லாமல் எழுதியிருக்கிறார். வயது அப்போது ஐம்பது. தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்த்து, தண்ணீரில் கொப்பளிப்பார். சாப்பிட்டதும் கடைவாய்ப் பற்களைக் குச்சியால் குத்திச் சுத்தம் பண்ணுவார், துணியால் அழுத்தித் துடைப்பார். தன் வயசுக்காரர்கள் பலரைவிடத் தன் பல் வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது, உப்பை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் ஈறில் ரத்தம் வராது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை வேறு. அப்படியும், சில பற்களுக்கு நடுவே மாவு கரைத்தது மாதிரி வெள்ளையாக ஒன்று படிந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தார்.

தன் எச்சிலை முன்பே பல தடவை பார்த்திருக்கிறார், அதில் உயிர் எதுவும் தெரிந்ததில்லை. அந்த வெள்ளை மாவை மட்டும் எடுத்து, உயிர் எதுவும் இல்லாத மழைத்தண்ணீரில் ஒருமுறை, எச்சிலில் ஒருமுறை கலந்து பார்த்தார். கன்ட்ரோல் சாம்பிள்ங்கிற வார்த்தையை நமக்கு லேபில் சொல்லிக்கொடுத்தாங்களே, அந்த வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே அவர் அதைச் செய்திருக்கிறார். மாவுக்குள் கூட்டம் கூட்டமாக உயிர்கள். பெரியவை ஈட்டி பாய்ந்த மாதிரி, மீன் மாதிரி பாய்ந்து போயின. இன்னொரு வகை பம்பரம் மாதிரி சுற்றியது. ரொம்பச் சின்னவை கொசுக்கூட்டம் போல மொய்த்தன. படம் வரையவைத்துக் கடிதத்தோடு அனுப்பினார். ஒரு உயிர் எந்த வழியாக நகர்ந்தது என்பதைப் புள்ளி புள்ளியாகக் குறித்த பாதையும் அதில் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு மனிதர்கள் வரைந்த முதல் படங்கள் இவைதான். அதுவும் பல்லிடுக்கு அழுக்கு!

தன் வாயோடு அவர் நிற்கவில்லை. தினமும் வாய் கழுவுகிற இரண்டு பெண்கள், எட்டு வயசுப் பையன் ஒருவன், எல்லோரிடமும் கேட்டு வாங்கிப் பார்த்தார். எச்சிலில் இல்லை, பல்லிடுக்கில் இருந்தது. அடுத்து ஒரு பெரியவர். நல்லவர், குடி, புகையிலை எதுவும் கிடையாது, ஆனால் பிறந்ததில் இருந்து வாயே கழுவினதில்லையாம். அவர் வாயில் இருந்த கூட்டத்தைப் பார்த்து லீவன்ஹூக்கே அசந்துவிட்டார். இன்னொரு கிழவர் காலையில் பிராந்தி, மத்தியானம் ஒயினும் புகையிலையும். இவ்வளவு சாராயத்தில் அந்தச் சின்ன உயிர்கள் பிழைக்குமா என்று பார்க்கத்தான் அவரைப் பிடித்தார். வாய் கழுவுவீங்களா என்று கேட்டதற்கு, தண்ணீரால் இல்லை, ஆனால் தினமும் ஒயினிலும் பிராந்தியிலும் நன்றாக அலசுகிறேன் என்று அந்தத் தாத்தா பதில் சொன்னாராம். (எந்த ஹாஸ்டலில் இருந்தாலும் இப்படி ஒரு கேரக்டர் உண்டு.) அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றுகூடப் பாக்கியில்லை. முன்பல்லின் வெளியே ஒட்டியிருந்ததில் உயிர்கள் ரொம்பக் குறைவு. பல்லிடுக்கில் இருந்து இழுத்ததில் நிறைய.

இங்கே எனக்குப் பிடித்த பரிசோதனை வருகிறது. நல்ல கடுமையான ஒயின் வினிகரை லீவன்ஹூக் வாயில் ஊற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, இடுக்கெல்லாம் போகும்படி அலசித் துப்பினார். பிறகு பல முறை தண்ணீரால் கொப்பளித்தார். அதற்கப்புறம் இடுக்கில் இருந்து வெள்ளையை எடுத்துப் பார்த்தால், உயிர்கள் ஜாலியாக நீந்துகின்றன. அப்ப வினிகருக்குச் சக்தி இல்லையா? இரண்டாவது சோதனை: வெள்ளையை எச்சிலில் கரைத்து, அதில் துளி வினிகர் விட்டார். எல்லாம் உடனே செத்துவிட்டன. ஆக வினிகர் கொல்கிறது. ஆனால் பல்லில் ஒட்டியிருக்கும்போது உள்ளே ஊடுருவவில்லை, வெளிப்புறத்தில் இருப்பதை மட்டும்தான் கொல்கிறது என்று முடிவுக்கு வந்தார்.

இதை இரண்டு தடவை படிங்க. இன்னைக்கு இதுக்குப் பேரு பயோஃபிலிம். பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பசையில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரு படலமாக உட்கார்ந்துவிடும். மருந்து மேல்தோலோடு நிற்கும். தண்ணீர்க் குழாய், கப்பலின் அடிப்பாகம், உடம்பில் வைக்கிற இம்ப்ளான்ட், எல்லா இடத்திலும் இன்ஜினியர்களுக்குத் தலைவலி கொடுக்கிற அதே விஷயம். மவுத்வாஷ் ஊற்றிக் கொப்பளித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 1683-லேயே விடை எழுதியாகிவிட்டது. அந்தப் படலத்தை உரசித்தான் எடுக்க முடியும். பிரஷ்ஷின் நார் இரண்டு பல்லுக்கு நடுவே போகாது, அதனால் அங்கே நூலோ இடுக்கு பிரஷ்ஷோ தேவைப்படுகிறது. மாட்டிக்கொண்ட மட்டன் நார் நமக்குத் தெரிகிறது, தொந்தரவு பண்ணுகிறது, எடுத்துவிடுகிறோம். கூடவே ஒட்டின பிஸ்கட் மாவும் சர்க்கரையும் தெரிவதில்லை. பாக்டீரியா அதைத் தின்று அமிலம் விடுகிறது. பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரெக்கார்ட் எழுதிக்கிட்டே பிஸ்கட் தின்னுட்டு அப்படியே தூங்குற கும்பலுக்கு இது.

ஆனால் லீவன்ஹூக் இந்தக் கடைசி இணைப்பைப் போடவில்லை. அந்த உயிர்கள்தான் பல்லைச் சொத்தையாக்குகின்றன என்று அவர் எழுதவில்லை. நோயோடும் சேர்க்கவில்லை. தன் வாயில் இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை நெதர்லாந்தின் மொத்த ஜனத்தொகையைவிட அதிகம் என்று ஆச்சரியப்பட்டதோடு சரி. பல் சொத்தைக்கு வாய்ப் பாக்டீரியாவின் அமிலம்தான் காரணம் என்று டபிள்யூ. டி. மில்லர் என்ற பல் மருத்துவர் பெர்லினில் இருந்து புத்தகம் போட்டது 1890-ல். நடுவே 200 வருஷத்துக்கும் மேல். அந்த இடைவெளியில் எத்தனை பேருக்குப் பல்வலி, எத்தனை வீட்டில் அவருக்கு நடந்த மாதிரியே குழந்தைச் சாவு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தார், அதைத் தாண்டவில்லை.

அந்தக் கோட்டால் ஒரு மூடநம்பிக்கை உடைந்தது. சொத்தைப் பல்லை நம்ம பாட்டிகள் பூச்சிப்பல் என்பார்கள் இல்லையா, பல்லுக்குள் புழு இருந்து அரிக்கிறது என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலும் இருந்தது. புகை போட்டுப் புழுவை வெளியே எடுத்துக் காட்டுகிறவர்களும் இருந்தார்கள். பல்லில் இருந்து எடுத்ததாகச் சொன்ன புழுக்கள் அவரிடம் வந்தபோது, பழைய சீஸில் நெளியும் புழுக்களை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். புழு சீஸோடு வாய்க்குப் போயிருக்கிறது. அதுவும் ஒரு வகையில் பல்லில் மாட்டிய சாப்பாட்டு கேஸ்தான்.

1692-ல் மறுபடி தன் பல்லைப் பார்த்தபோது முன்பல்லில் உயிரோடு எதுவும் இல்லை. குழம்பிப்போனார். கடைவாயில் மட்டும் இருந்தன. காலையில் சுடச்சுடக் காபி குடிக்கும் பழக்கத்தால் முன்னாடி இருப்பவை வெந்துபோகின்றன என்று காரணம் கண்டுபிடித்தார். வயசான பிறகு ஒரு சொத்தைக் கடைவாய்ப் பல் விழுந்தது, அதைக்கூட விடவில்லை. வேருக்குள் இருந்ததைத் தோண்டிப் பார்த்துக் குறித்துவைத்தார்.

1698-ல் ரஷ்யாவின் ஜார் பீட்டர் படகில் டெல்ஃப்ட் வழியாகப் போனபோது ஆள் அனுப்பி வரவழைத்து, விலாங்கு மீன் வாலில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தார். புகழ் அந்த அளவுக்கு. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. தன்னுடைய மிகச் சிறந்த கருவிகளை யாருக்கும் காட்டவில்லை, லென்ஸ் செய்யும் முறையைச் சொல்லித்தரவும் இல்லை. இளைஞர்களுக்கு ஏன் பயிற்சி கொடுக்கக்கூடாது என்று லைப்னிட்ஸ் கேட்டார் (ஆமா, கால்குலஸ் லைப்னிட்ஸ்). மாணவர்கள் காசுக்கோ பேருக்கோதான் வருகிறார்கள், இதற்கு வேண்டிய பொறுமை அவர்களிடம் கிடையாது என்கிற மாதிரி பதில் போட்டார். விளைவு, அவருக்குப் பின்னால் அந்த வேலையைத் தொடர ஆளே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கூட்டு மைக்ரோஸ்கோப்பின் கலர்ப் பிழையைச் சரிசெய்த பிறகுதான் அவர் பார்த்த உலகம் மறுபடி பரவலாகத் திறந்தது. யூட்ரெக்ட் லென்ஸை உடைக்காமல் நியூட்ரான் கதிர் வழியாக உள்ளே பார்த்து 2021-ல் ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது. தீயில் உருக்கிச் செய்த மணி அது, ஹூக் தன் புத்தகத்தில் வெளிப்படையாக அச்சடித்த செய்முறையோடு ஒத்துப்போகிறது என்கிறார்கள். அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்த ரகசியம்!

1723-ல் தொண்ணூறு வயதில் உதரவிதானம் தானாகத் துடிக்கும் ஒரு நோய் வந்தது. டாக்டர்கள் இதயப் படபடப்பு என்றார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. படுக்கையில் கிடந்தபடியே தன் அறிகுறிகளைக் கவனித்துச் சொன்னார். இன்று அந்த நோய்க்கே அவர் பெயர்தான். சாகும் தறுவாயில் ஒரு நண்பரைக் கூப்பிட்டு, பாக்கியிருந்த இரண்டு கடிதங்களை லத்தீனில் பெயர்த்து லண்டனுக்கு அனுப்பச் சொன்னார். ஆகஸ்ட் 26-ல் இறந்தார்.

வெள்ளியில் செய்த 26 மைக்ரோஸ்கோப்புகள் ஒரு பெட்டியில் தயாராக இருந்தன. உயில்படி மகள் மரியா அவற்றை ராயல் சொசைட்டிக்கு அனுப்பிவைத்தார். அங்கே நூறு வருஷம்போல இருந்து, பிறகு பெட்டியோடு காணாமல் போயின. மற்றவை மரியா இறந்த பிறகு 1747-ல் ஏலத்தில் போயின. பித்தளைக்கும் வெள்ளிக்கும் எடை போட்டுக்கூட வாங்கியிருப்பார்கள். இன்று மிச்சம் ஒரு டஜன் சொச்சம்கூடத் தேறாது. ஆனால் ஆரம்பக் கடிதங்களோடு அவர் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்பிய மாதிரிகள், தக்கைச் சீவல் போன்றவை, 1981-ல் லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. முந்நூறு வருஷம் கடிதத்தோடு கடிதமாகவே இருந்திருக்கின்றன. பிரித்து, அவருடைய பழைய கருவி ஒன்றின் அடியிலேயே வைத்துப் பார்த்தார்கள். நன்றாகவே தெரிந்தது.